அடுப்படியில் கூவிய சேவல்

அந்தக் கார்ட்டூனை நான் நூறு தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். விருப்பப்பட்டு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. என் மகளுக்குச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் அது ஓட வேண்டும். அது ஓடினால்தான் வாயைத் திறப்பாள். ஏழெட்டு நிமிடம் இருக்கும். கறுப்பு வெள்ளை. எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ யாரோ கையால் வரைந்தது. பேச்சு கிடையாது. பின்னால் ஒரு பேண்டு வாத்தியம் லொட லொடவென்று விடாமல் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது நிமிடமே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

கதை இவ்வளவுதான். ஒரு பண்ணை. விடிந்ததும் சேவல் கூரைமேல் ஏறிக் கூவுகிறது. மாடு சோம்பல் முறிக்கிறது, கழுதை கொட்டாவி விடுகிறது, வாத்துகள் வரிசையாகப் போய்க் குளத்தில் விழுகின்றன. பன்றி மட்டும் எழுந்திருக்கவில்லை. சேவல் அதன் காதருகே போய்க் கூவுகிறது. ம்ஹூம். கழுதை தகரத்தைத் தட்டுகிறது. மாடு தன் கழுத்து மணியைக் கழற்றி ஆட்டுகிறது. வாத்துகள் தகர வாளிகளை எடுத்து ஒன்றோடொன்று மோதுகின்றன. பன்றி சிரித்த முகத்தோடு மறுபக்கம் புரண்டு படுக்கிறது. கடைசியில், அப்போதுதான் முட்டையை உடைத்துக்கொண்டு வந்த கோழிக்குஞ்சு ஒன்று வழி தெரியாமல் அதன் தொப்பைமேல் ஏறி நடக்கிறது. அவ்வளவுதான், பன்றி துள்ளி எழுந்து எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது.

அந்த இடத்தில் என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். வாயிலிருக்கும் சோறு என் சட்டையில் தெறிக்கும். அவளைப் பார்த்து நானும் சிரிப்பேன். இவ்வளவு சத்தத்திலும் அந்தப் பன்றி ஏன் எழுந்திருக்கவில்லை என்று நூறு தடவையில் ஒரு தடவைகூட நான் யோசிக்கவில்லை. மடையன், வேறென்ன சொல்ல.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மாடியில் குடியிருக்கிறோம். கீழே வீட்டுக்கார மாமி. கோயில் கைங்கரியக் குடும்பம். நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பாலக்கரையில். அங்கே மெதுவாகப் பேசினால் உடம்பு சரியில்லையா என்று கேட்பார்கள். என் குரலும் கோபமும் அந்த ஊர்ச் சரக்குதான். மன்னார்புரத்தில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நான் போனை எடுத்தால் பக்கத்து மேஜைக்காரர் தன் போனை வைத்துவிடுவார். இப்படிப்பட்டவனுக்கு ஒரு குழந்தை பிறந்து, அது இரைச்சல் எதற்கும் அசங்காமல் தூங்கினால் பெருமையாக இருக்காதா?

அந்தப் பெருமைக்கு ஒரு வார்த்தை கொடுத்தவர் மாமி. தீபாவளியன்று எங்கள் சந்தில் சரம் சரமாக வெடித்தார்கள். தெருநாய்கள் எங்கே போயினவென்றே தெரியவில்லை. நாலு மாதக் குழந்தை தொட்டிலில் கைகளை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பட்சணத்தோடு மாடியேறி வந்த மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தனை சமர்த்தா தூங்கறது பாருங்கோ! எங்காத்துப் பேரன் வெடிச் சத்தம் கேட்டா ஊரைக் கூட்டிடுவான். இது சமர்த்துக் குடம்!"

சமர்த்து எங்கள் வீட்டு வார்த்தையில்லை. பாலக்கரையில் "நல்ல புள்ள" என்பதோடு முடித்துக்கொள்வோம். ஆனால் மாமி வாயில் அது வரும்போது கேட்க இனிமையாக இருந்தது. நானும் என் மனைவியும் அதைப் பிடித்துக்கொண்டோம். மிக்ஸி ஓடும்போது எழவில்லையா, சமர்த்து. கதவைப் படாரென்று சாத்தினாலும் அழவில்லையா, சமர்த்து. அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மனைவிக்கும் மாமிக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குழந்தை பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் காதுக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். சின்னதாக ஒரு குழாயைக் காதில் வைத்து எடுப்பார்கள், வலிக்காது. முடிந்ததும் பரிசோதித்த பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மெஷின்ல ரெண்டு காதுமே சரியா வரலைங்க. பொறந்த குழந்தைக்குக் காதுக்குள்ள தண்ணி இருந்தாலும் இப்படிக் காட்டும், பயப்பட வேணாம். ஆனா ஒரு மாசம் கழிச்சுக் கண்டிப்பா திரும்பக் கூட்டிட்டு வாங்க. இந்தச் சீட்டைப் பத்திரமா வச்சுக்குங்க."

அறைக்குத் திரும்பினேன். என் மனைவி தையல் வலியோடு காய்ச்சலில் கிடந்தாள். "காது டெஸ்ட் எடுத்தாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள். நான் "பாஸ்" என்றேன். அந்த நிமிடத்தில் அது பொய்யாகக்கூடத் தோன்றவில்லை. ஒரு மாதம் தள்ளிச் சொல்லப்போகும் உண்மை என்றுதான் நினைத்தேன். சீட்டை அவள் கண்ணில் படாமல் கொண்டுபோய் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில், ஆர்.சி. புத்தகம் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் செருகினேன்.

ஒரு மாதம் ஆனது. போகவில்லை. போவதென்றால் மனைவியிடம் சொல்ல வேண்டும். சொன்னால், அன்றைக்கு ஏன் பாஸ் என்றாய் என்று கேட்பாள். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளினேன். அப்புறம் மாமி சமர்த்து என்றார், எனக்குப் போகவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஒருநாள் தலைமைத் தபால் நிலையம் அருகே போக்குவரத்துப் போலீஸ் வண்டியை ஓரங்கட்டினார். உறையை உருவினால் முதலில் அந்தச் சீட்டுதான் வந்து விழுந்தது. "என்ன இது?" என்றார். "ஒண்ணுமில்ல சார், பழைய பேப்பர்" என்று மறுபடி உள்ளே வைத்தேன்.

எனக்குச் சாதகமாக ஒன்று இருந்தது. அதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினேன். எங்கள் வீதியில் பெருமாள் புறப்பாடு வரும். தவில் சத்தம் நெருங்கும்போது, தரையில் உட்கார்ந்து விளையாடும் என் மகள் சட்டென்று நிமிர்ந்து, தத்தித் தத்தி ஜன்னலுக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அவள் ஒன்றரை வயதில் இதைப் பார்த்த மாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"லோகத்துல இருக்கற வேற எந்தச் சத்தமும் இதுக்கு லட்சியமில்லை. பெருமாள் வரார்னா மட்டும் காதுல விழறது. பூர்வ ஜன்மத்துப் புண்யம்!"

என் மனைவி கைகூப்பினாள். நான் கைகூப்பவில்லை, ஆனால் பெரிதாக மூச்சு விட்டேன். காது கேட்கிறது. சாட்சி பெருமாளே. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் பேச்சு வரவில்லை. இரண்டு வயது நெருங்கியும் 'அம்மா' வரவில்லை. "ஆ" என்று ஒரு சத்தம், சிரிப்பு, அழுகை, இவ்வளவுதான். முதலில் என் மனைவி அதையும் கேலியாகத்தான் எடுத்துக்கொண்டாள். "பேரைச் சொல்லி நாலு தடவை கூப்பிடுறேன், காதுலயே வாங்க மாட்டேங்கறா. அப்படியே அப்பனை உரிச்சு வச்சிருக்கா" என்பாள். பிறகு கேலி குறைந்தது. ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அவள் குழந்தைக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தையும் கரண்டியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். தட்டவில்லை. தட்டப் பயமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள்.

"என்னங்க, புத்தூர் ஆஸ்பத்திரில ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடலாமா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "என்ன மாதிரி இருக்கு? நல்லா இருக்கற புள்ளைக்கு நீயே வியாதி கட்டாத! சில புள்ளைங்க லேட்டாத்தான் பேசும். கார்ட்டூன் பார்த்து அந்தச் சிரிப்புச் சிரிக்கிறா, காது கேக்காமயா சிரிக்கிறா?"

"நான் கேக்கலைன்னு சொல்லலைங்க. ஒரு தடவை..."

"பொறந்தப்பவே டெஸ்ட் எடுத்துப் பாஸ்னு சொல்லலையா? அப்புறம் என்ன?"

இதைச் சொன்னது நான்தான். இந்த வாயால்தான். என் பொய்யை எடுத்து அவளுக்கே ஆதாரமாகக் காட்டினேன். அவள் அடங்கிப்போனாள். நான் கத்திய கத்தலில் கீழே மாமி வீட்டில் பேச்சு நின்றுபோனது. எனக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த என் மகள் தலையைத் தூக்கவில்லை. பன்றி புரண்டு படுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனிக்காத மாதிரி குளிக்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி காய் வாங்கப் போயிருந்தாள். நான் கூடத்தில் குழந்தையை உட்காரவைத்து, இட்லியைப் பிட்டுக்கொண்டு, கைபேசியில் கார்ட்டூனைப் போட்டேன். சேவல் கூரைமேல் ஏறிக் கழுத்தை நீட்டியது. சத்தம் வரவில்லை. சரி, ஏதோ கோளாறு என்று பார்க்கும்போதே அடுப்படியிலிருந்து கூவியது.

ஒரு கணம் எனக்கு நிஜமாகவே தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் புரிந்தது. மனைவி சமைக்கும்போது பாட்டுக் கேட்க அடுப்படி அலமாரியில் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வைத்திருக்கிறாள். காலையில் என் போனிலிருந்துதான் பாட்டுப் போட்டாள். அந்த இணைப்பைத் துண்டிக்காமல் போயிருக்கிறாள். படம் இங்கே, சத்தம் அங்கே.

சிரிக்கத்தான் வேண்டும். அடுப்படியில் சேவல் கூவுகிறது, கழுதை கத்துகிறது, தகரம் அதிர்கிறது. எந்தக் குழந்தையாக இருந்தாலும் என்ன செய்யும்? திரும்பும். எழுந்து அடுப்படிக்கு ஓடும். சேவல் எங்கே என்று டப்பாக்களுக்குப் பின்னால் தேடும். என் மகள் கையிலிருந்த சத்தமில்லாத திரையைப் பார்த்துக்கொண்டு, சிரிக்கவேண்டிய ஒவ்வொரு இடத்திலும் சரியாகச் சிரித்தாள். கழுதை கொட்டாவி விட்டதும் சிரித்தாள். வாத்துகள் விழுந்ததும் கைதட்டினாள்.

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தேன். வாத்துகள் வாளிகளை மோதுகிற இடம். எவர்சில்வர் தம்ளர்கள் அலமாரியில் கிணுகிணுத்தன. அங்கிருந்தே அவள் பேரைக் கத்தினேன். மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை கத்தியபோது குரல் எனக்கே பிடிக்கவில்லை. கதவு வழியாகப் பார்த்தால் அவள் பின்னந்தலை தெரிந்தது. இரட்டைக் குடுமி. அசையவில்லை.

கீழே இருந்து மாமி குரல் கொடுத்தார். "என்ன சார், மாடியில கோழி வளர்க்க ஆரம்பிச்சுட்டேளா? தெருக்கோடி வரைக்கும் கேக்கறதே!"

தெருக்கோடி வரைக்கும் கேட்டது. எட்டடி தூரத்தில் கேட்கவில்லை.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வந்து அவள் பின்னால் தரையில் உட்கார்ந்தேன். அப்போது ஒன்று தோன்றியது, தோன்றாமலே இருந்திருக்கலாம். உள்ளங்கையால் தரையை ஓங்கி ஒரு அடி அடித்தேன். உடனே திரும்பினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மறுபடி அடித்தேன், தன் கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். புறப்பாட்டுத் தவில் அவள் காதில் விழவில்லை. பழைய வீடு. அதன் அதிர்வு தரை வழியாக உடம்பில் ஏறியிருக்கிறது. சாட்சிக்கு நான் இழுத்த பெருமாளும் என்னைக் கைவிட்டார். தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். எதற்கு வாயைப் பொத்தினேன் என்று தெரியவில்லை. யாருக்குக் கேட்டுவிடப் போகிறது?

மனைவி வந்தாள். முருங்கைக்காய் நல்லதாகக் கிடைத்தது என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து, ஏதோ அவள் பேச்சுக்கு மதிப்புக் கொடுப்பவன்போல, "நீ சொன்ன மாதிரி புத்தூர்ல ஒரு தடவை காட்டிடுவோம்" என்றேன். அவள் முகத்தில் வந்த நன்றியை இன்றுவரை மறக்க முடியவில்லை. "கோச்சுக்காம கூட்டிட்டுப் போறீங்களே, அதுவே போதும்" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஸ்கூட்டரில் போனோம். எனக்கும் அவளுக்கும் நடுவில் குழந்தை. காவிரிப் பாலம் ஏறும்போது என் சீட்டுக்கு அடியில் இருக்கும் காகிதம் முதுகு வரைக்கும் உறைத்தது. ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சத்தம் புகாத ஒரு சிறிய அறையில் உட்காரவைத்தார்கள். தலையில் கம்பிகள் ஒட்டினார்கள். தூங்கவைத்து ஒரு பரிசோதனை, விழிக்கவைத்து ஒன்று. மதியம் ஆகிவிட்டது. காது பரிசோதிக்கும் அம்மா எங்களைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தார். ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காத பேச்சு.

"ரெண்டு காதுலயும் கேக்கற சக்தி ரொம்பக் குறைவா இருக்குங்க. பிறவியிலேயே இருந்திருக்கணும். பண்றதுக்கு வழி இருக்கு. மெஷின் போடலாம், தேவைப்பட்டா ஆபரேஷன், பேச்சுப் பயிற்சி. ஆனா இதுல ஒவ்வொரு மாசமும் முக்கியம். ஆறேழு மாசத்துலயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். பொறந்தப்போ டெஸ்ட் எடுக்கலையா?"

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் நிற்கவில்லை. "எடுத்தாங்க மேடம். ரெண்டு காதும் பாஸ்னு சொன்னாங்க. அவங்க அப்படிச் சொன்னதாலதான் நாங்க சும்மா இருந்துட்டோம். இவரைக் கேளுங்க, இவர்தான் பக்கத்துல இருந்தார்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். மனைவியும் பார்த்தாள். என்மீது அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை! இந்த இடத்தில்கூட, ஆமாம் மேடம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பழி அந்த ஆஸ்பத்திரிமேல் போய்விடும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அப்படிப்பட்டவன் நான். மேஜைக்கு அடியில் என் மகள் என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ரிப்போர்ட் இருந்தா நல்லதுங்க" என்றார் அந்த அம்மா.

"வீட்டு ஃபைல்ல இருக்கும். நாளைக்கு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"வண்டியில இருக்கு" என்றேன்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். நான் இறங்கிப் போய் வண்டியின் சீட்டைத் தூக்கி, உறையை உருவி, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு படியேறி வந்து அவள் கையில் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் கொடுக்கவில்லை, அவளிடம்தான் கொடுத்தேன். மடிப்பில் எண்ணெய்க் கறை. இரண்டு காதுக்கு நேரேயும் பேனாவால் ஒரே குறிப்பு, கீழே மறுபடி வரவேண்டிய தேதி. அவள் இரண்டு முறை படித்தாள். பிறகு மேஜைமேல் வைத்துக் கையால் மடிப்பை நீவிவிட்டாள்.

திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் அடுத்து எப்போது வரவேண்டும், மெஷினுக்கு அளவு எப்போது எடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். வண்டியில் திரும்பினோம். நடுவில் குழந்தை, வண்டியின் அதிர்வில் சந்தோஷமாக என் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தாள். சிக்னலில் நின்றபோது, "ஏதாவது சொல்லேன்" என்றேன். பாலத்தில் காற்று மட்டும் இரைந்தது.

வீட்டு வாசலில் மாமி கோலமாவு டப்பாவோடு நின்றிருந்தார். நாங்கள் எங்கே போய்வந்தோம் என்று அவருக்குத் தெரியாது. வண்டி நின்றதும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டுக்கொண்டார்.

"காலையிலேர்ந்து ஆளையே காணோமே! எங்கே போயிட்டு வரேள்? குழந்தை படுத்தாம சமர்த்தா இருந்தாளோல்லியோ?"

என் மனைவி குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். அந்தக் காகிதத்தைப் படித்த பிறகு முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இவ என்ன மாமி சமர்த்து," என்றாள். "இவரைச் சொல்லுங்க. ரெண்டு வருஷம் வாயே திறக்கலை. அவ்வளவு சமர்த்து."

மாமி ஏதோ வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார். மாமியின் முகத்தைப் பார்த்து என் மகளும் சிரித்தாள்.